ஓவர்லாக் தையல்: கத்தி மேல் ஒரு கண் இருக்கட்டும்!

கடையில் வாங்கிய சுடிதார் டாப் ஒன்றை எடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பாருங்கள். ஓரம் முழுக்கச் சங்கிலி பின்னியது போல நூல் சுற்றியிருக்கும். ஒரு பிசிறுகூட எட்டிப் பார்க்காது. அதுதான் ஓவர்லாக். துணியைக் கையில் வாங்கியதும் வாடிக்கையாளர் புரட்டிப் பார்ப்பது இந்த ஓரத்தைத்தான். நாலு முறை துவைத்ததும் உள்பக்கம் நூல் நூலாகப் பிரிந்து வந்தால், கட்டிங் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் அடுத்த ப்ளவுஸ் வேறு டெய்லரிடம் போய்விடும்.

வீட்டில் தைத்துக் கொடுப்பவர்கள், தைத்ததையெல்லாம் பையில் போட்டு எடுத்துக்கொண்டுபோய் ஓவர்லாக் கடையில் காத்திருந்து அடித்து வாங்கி வருவது இன்றும் நடக்கிறது. தீபாவளி, பொங்கல் நெருக்கத்தில் அந்தக் காத்திருப்பிலேயே அரை நாள் போய்விடும். அதனால்தான் சொந்தமாக ஒரு மெஷின் வாங்கலாம் என்ற ஆசை வருகிறது. ஆனால், ஆசையாக வாங்கிய மெஷின் சில வாரங்களிலேயே துணி போர்த்தி மூலையில் உட்கார்ந்துவிடும் வீடுகளும் உண்டு. காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். நூல் அறுந்தால் மறுபடி கோக்கத் தெரியவில்லை. அல்லது நல்ல துணி ஒன்றைக் கத்தி பதம் பார்த்துவிட்டது. இந்த இரண்டையும் பழகிவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

இது வேறு மாதிரி மெஷின்

சாதாரணத் தையல் மெஷினில் மேலே ஒரு நூல், கீழே பாபினில் ஒரு நூல். ஓவர்லாக்கில் பாபின் கிடையாது. அதற்குப் பதிலாக, கொக்கி போல வளைந்த இரண்டு லூப்பர்கள் இருக்கும். மேல் லூப்பர் நூலைத் துணியின் மேல்பக்கம் கொண்டுவரும். கீழ் லூப்பர் அடிப்பக்கம் கொண்டுவரும். இரண்டு நூலும் துணியின் விளிம்பில் சந்தித்துக் கைகோக்கும். ஊசி நூல் அவற்றைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு முக்கியமான வித்தியாசம், ஊசிக்கு வலது பக்கம் சற்று முன்னால் இருக்கும் கத்தி. தையல் விழுவதற்கு முன்பே, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துணியை அது வெட்டிவிடும். வெட்டுவது, தைப்பது, ஓரம் கட்டுவது மூன்றும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். இந்த மெஷினின் பலமும் ஆபத்தும் அதுதான். தையல் தப்பினால் பிரிக்கலாம். கத்தி வெட்டியதை ஒட்ட முடியாது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் மெரோ 19-ம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய மெஷின்கள்தான் இதற்கு முன்னோடி. வெகுகாலம் தொழிற்சாலைகளில் மட்டுமே ஓடியது. 1960-களில் ஜப்பானில் வீட்டு உபயோகத்துக்கான சிறிய ஓவர்லாக் வந்த பிறகுதான் அது வீடுகளுக்குள் நுழைந்தது. அமெரிக்கர்கள் இதை ‘செர்ஜர்’ என்பார்கள். யூடியூபில் தேடும்போது இந்தப் பெயரையும் போட்டுத் தேடினால் நிறைய செய்முறை வீடியோக்கள் கிடைக்கும்.

மூன்று நூலா, நாலு நூலா?

*மூன்று நூல்:* ஒரு ஊசி, இரண்டு லூப்பர். ப்ளவுஸ், சுடிதார், பாவாடை, நைட்டி போன்றவற்றின் ஓரம் பிசிறாமல் இருக்க இது போதும். கால்மிதி மெஷின் டேபிளிலேயே பொருத்திக்கொள்ளும் சின்ன ஓவர்லாக் மெஷின்களில் இந்த வகைதான் அதிகம்.

*நாலு நூல்:* இரண்டு ஊசி, இரண்டு லூப்பர். டி-ஷர்ட், லெகிங்ஸ், பனியன் துணி நைட் டிரெஸ் தைக்க ஏற்றது. துணி இழுபடும்போது தையலும் கூடவே இழுபடும். இங்கே தனியாக நேர்த்தையல் போடத் தேவையில்லை.

*ஐந்து நூல்:* நேர்கோட்டில் ஒரு சங்கிலித் தையல், பக்கத்திலேயே மூன்று நூல் ஓவர்லாக். ஒரே ஓட்டத்தில் இணைத்து, ஓரமும் கட்டிவிடும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் சட்டை, பேன்ட் தைக்கப் பயன்படுகிறது.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். காட்டன், பட்டு, சிந்தெடிக் போன்ற நெய்த துணிகளில் மூன்று நூல் ஓவர்லாக்கை மட்டும் நம்பி இரண்டு பாகங்களை இணைக்கக் கூடாது. கையைத் தூக்கும்போது தையல் விரிந்து, இடைவெளியில் ஏணிப்படி போல நூல் தெரியும். முதலில் சாதாரண மெஷினில் நேர்த்தையல், பிறகு ஓவர்லாக். ப்ளவுஸின் பலம் நேர்த்தையலில் இருக்கிறது, ஓவர்லாக் அதற்குக் காவல்.

நூல் எவ்வளவு பிடிக்கும்?

நேர்த்தையல் 1 மீட்டர் போட சுமார் 2.5 மீட்டர் நூல் போதும். மூன்று நூல் ஓவர்லாக் 1 மீட்டர் அடிக்கச் சுமார் 14 மீட்டர் நூல் போகும். ஒரு ப்ளவுஸில் எல்லா ஓரமும் சேர்த்து 4 மீட்டர் வருகிறது என்றால், 56 மீட்டர் நூல்! சின்ன ரீல் நூல் இதற்குக் கட்டுப்படியாகாது. கோன் நூல் வாங்குங்கள்.

ஒவ்வொரு துணிக்கும் மேட்ச்சாக மூன்று, நாலு கோன் வாங்க வேண்டியதில்லை. வெள்ளை, கறுப்பு, சாம்பல், சந்தன நிறம் ஆகியவற்றில் கோன்கள் இருந்தால் பெரும்பாலான துணிகளுக்கு ஓட்டிவிடலாம். துணியை விரித்தால் வெளியே தெரிவது ஊசி நூல் மட்டும்தான். அதை மட்டும் துணியின் நிறத்துக்கு மாற்றினால் போதும்.

நூல் வாங்கும்போது பாலியஸ்டர் நூலாகப் பாருங்கள். வேகத்தைத் தாங்கும், பஞ்சுத் தூசும் குறைவாக விழும். கையால் இழுத்தாலே அறுகிற பழைய நூலை இந்த மெஷினில் போடாதீர்கள்.

கோக்கும் வரிசை தெரிந்தால் பயம் போய்விடும்

பெரும்பாலான வீட்டு மெஷின்களில் வரிசை இதுதான்: முதலில் மேல் லூப்பர், அடுத்து கீழ் லூப்பர், கடைசியாக ஊசி. மூடியைத் திறந்தால் எந்த நூல் எந்த வழியாகப் போக வேண்டும் என்று உள்ளே நிறப் புள்ளிகள் வைத்திருப்பார்கள். உங்கள் மெஷினோடு வந்த கையேட்டில் வேறு வரிசை இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

அடிக்கடி நடப்பது இது: தைத்துக்கொண்டிருக்கும்போது கீழ் லூப்பர் நூல் அறுந்துவிடும். அதை மட்டும் மறுபடி கோத்து ஓட்டுவோம். நாலே தையலில் மீண்டும் அறுந்துவிடும். மெஷின் ரிப்பேர் என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். உண்மையில் ஊசி நூல் கீழ் லூப்பரின் மேல் சிக்கியிருக்கும். லூப்பர் அசைந்ததும் புது நூலை அது அறுத்துவிடும். கீழ் லூப்பரைக் கோக்கும் முன் ஊசி நூலை ஊசிக்காதிலிருந்து உருவிவிடுங்கள். லூப்பர் வேலையை முடித்துவிட்டு, கடைசியில் ஊசியைக் கோத்தால் பிரச்னை தீர்ந்தது.

ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கோக்காமல் இருக்க ஒரு குறுக்குவழி உண்டு. பழைய நூலைக் கோனுக்குப் பக்கத்தில் வெட்டி, அந்த நுனியில் புது நூலை முடிச்சுப் போடுங்கள். டென்ஷன் எண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் 0-க்குக் கொண்டுவாருங்கள். பிரஸ்ஸர் ஃபுட்டைத் தூக்கிவிட்டு, லூப்பர் நூல்களின் மறுமுனையை மெதுவாக இழுத்தால் முடிச்சு லூப்பர் வழியாக வெளியே வந்துவிடும். ஊசி நூலில் மட்டும் முடிச்சு ஊசிக்காதுக்குள் நுழையாது. அங்கே வந்ததும் முடிச்சை வெட்டிவிட்டுக் கையால் கோத்துக்கொள்ளுங்கள். பிறகு டென்ஷன் எண்களைப் பழையபடி வைக்க மறந்துவிடாதீர்கள்.

கோத்து முடித்ததும் நூலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, கைச்சக்கரத்தை அம்புக்குறி காட்டும் திசையில் நாலைந்து சுற்று கையாலேயே சுற்றுங்கள். சங்கிலி ஒழுங்காக வந்தால் மட்டும் மோட்டாரை ஓட்டலாம்.

டென்ஷன்: நாலு கலர் நூல் வாத்தியார்

எந்த டென்ஷனைத் திருப்புவது என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். இதற்கு நல்ல வாத்தியார் கலர் நூல்தான். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு நிற நூலைக் கோத்து, ஒரு வெள்ளைக் காட்டன் துண்டில் அடித்துப் பாருங்கள். எந்த நூல் தப்பு செய்கிறது என்பது நிறத்திலேயே தெரிந்துவிடும்.

* மேல் லூப்பர் நூலும் கீழ் லூப்பர் நூலும் சரியாக விளிம்பில் சந்தித்தால், தையல் சரியாக இருக்கிறது.

* கீழ் லூப்பர் நூல் துணியின் மேல்பக்கம் ஏறி வந்தால், மேல் லூப்பர் இறுக்கமாக இருக்கிறது அல்லது கீழ் லூப்பர் தளர்ந்திருக்கிறது.

* மேல் லூப்பர் நூல் அடிப்பக்கம் போய் மடிந்தால், மேல் லூப்பர் தளர்ந்திருக்கிறது அல்லது கீழ் லூப்பர் இறுகியிருக்கிறது.

* தைத்த இடத்தை விரித்தால் ஏணிப்படி தெரிகிறதா? ஊசி நூல் தளர்வு. துணி சுருங்கி இழுக்கிறதா? ஊசி நூல் இறுக்கம்.

ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும், அதுவும் அரை எண் அளவுக்குத் திருப்புங்கள். மறுபடி அடித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருப்பினால் எங்கிருந்து தொடங்கினோம் என்பதே மறந்துவிடும். காட்டன், பட்டு, ஷிஃபான், பனியன் துணி என ஒவ்வொன்றிலும் சரியாக வந்த துண்டைப் பத்திரப்படுத்தி, அதன் மேலேயே எண்களை எழுதி ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். நாளை ஷிஃபான் வந்தால் நோட்டைத் திறந்தால் போதும்.

ப்ளவுஸும் கத்தியும்

நம் ஊர் ப்ளவுஸுக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் பிரித்துப் பிடித்துக்கொள்ள, பக்கவாட்டில் ஓர் அங்குலத்துக்கு மேல் துணி விட்டு, இரண்டு மூன்று வரித் தையல் போடுவோம். பட்டுச் சேலையோடு வந்த ப்ளவுஸ் துணி என்றால், அதே நிறத்தில் வேறு துணி கிடைக்காது. கல்யாணத்துக்குத் தைத்த ப்ளவுஸை வளைகாப்புக்கும் போட முடிவது உள்ளே விட்ட அந்தத் துணியால்தான்.

அந்தத் துணியைத்தான் ஓவர்லாக் கத்தி ஒரு நொடியில் தின்றுவிடும். தைத்து முடித்த ப்ளவுஸின் பக்கவாட்டுத் தையலை ஒட்டி ஓவர்லாக் அடித்தால் ஓரம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பிரித்துவிட உள்ளே எதுவும் மிஞ்சாது.

இதைத் தவிர்க்கச் சில வழிகள்:

* பக்கவாட்டில் எப்போதும் துணியின் வெளி ஓரத்தில் மட்டும் அடியுங்கள். கத்தி, பிசிறை மட்டும் நூலிழை அளவுக்கு வெட்டினால் போதும்.

* துணிந்து வெட்டலாம் என்ற இடங்கள் தோள்பட்டை, கைக்குழி போன்றவை. அங்கே நேர்த்தையலுக்கு வெளியே அரை அங்குலம் விட்டு அடிக்கலாம்.

* பழகும் வரை கத்தியை விலக்கி வைத்து அடியுங்கள். பல மெஷின்களில் மேல் கத்தியை மடக்கி வைக்கும் வசதி உண்டு. ஓரத்தைக் கத்தரிக்கோலால் ஒழுங்காக வெட்டிவிட்டு, கத்தி இல்லாமல் ஓட்டினால் ஆபத்து இல்லை.

* தைக்கும்போது கண் ஊசியின் மேல் போகும். அது பழைய மெஷினில் வந்த பழக்கம். இங்கே கத்தியைப் பாருங்கள். துணி ஊசியை அடைவதற்கு முன்பே வெட்டு முடிந்துவிடுகிறது.

* ஊசியிலிருந்து கால் அங்குலம், அரை அங்குலம், முக்கால் அங்குலம் என அளந்து, மெஷினின் முன் மூடியில் கலர் டேப் ஒட்டிவிடுங்கள். துணியின் ஓரம் அந்தக் கோட்டைத் தொட்டபடி போனால் வெட்டு நேராக வரும்.

* அடிக்கும் இடத்துக்குக் கீழே துணியின் வேறு பாகம் மடிந்து கிடக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் தடவிப் பாருங்கள். கையை ஓவர்லாக் செய்யும்போது முதுகுத் துணியையும் சேர்த்து வெட்டிவிடுவது இப்படித்தான் நடக்கிறது.

குண்டூசி கத்தியில் பட்டால் கத்தியின் முனை போய்விடும். உடைந்த துண்டு கண்ணிலும் தெறிக்கலாம். குண்டூசிக்குப் பதிலாக கிளிப் போடுங்கள். குண்டூசிதான் இருக்கிறது என்றால், ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, தையலுக்கு இணையாகக் குத்துங்கள்.

ஆரி வேலை செய்த ப்ளவுஸ்

கல், மணி, ஜர்தோசி வேலை செய்த துணியில் கத்தி பட்டால் இரண்டுக்குமே நஷ்டம். தையல் விழும் இடத்தில் இருக்கும் மணிகளைத் தையலின் இரு பக்கமும் கால் அங்குலம் வரை எடுத்துவிட்டு, அறுந்த நூலை அடிப்பக்கம் முடிச்சுப் போடுங்கள். இல்லையென்றால் வரிசையாக மணிகள் உதிரத் தொடங்கும். பிறகு கத்தியை விலக்கிவிட்டு, வேகம் குறைத்து அடியுங்கள். இன்னும் பயமாக இருந்தால் அந்த ஓரத்துக்கு மட்டும் குறுக்குப் பட்டித் துணி வைத்து மடித்துத் தைத்துவிடலாம். விலை உயர்ந்த வேலைப்பாடு உள்ள துணியில் அதுவே பாதுகாப்பு.

லைனிங் கொடுத்த ப்ளவுஸ் என்றால், லைனிங்கையும் மேல் துணியையும் முதலில் பெரிய தையலாக இணைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் நழுவாமல் ஒன்றாகப் போகும். டிஷ்யூ, ஆர்கன்சா, பனாரஸ் போன்ற நூல் பிரியும் துணிகளை வெட்டிய கையோடு ஓவர்லாக் அடித்துவிட்டுத் தைக்கத் தொடங்குங்கள். தைத்து முடிக்கும் வரை விட்டால் அரை அங்குலம் பிசிறாகவே போய்விடும்.

வளைவு, மூலை

வெளி வளைவில் துணியைத் திருப்பிக்கொண்டே மெதுவாக ஓட்டுங்கள். கழுத்து போன்ற உள் வளைவில் வளைந்த ஓரத்தைக் கத்திக்கு முன்னால் கையால் நேராக்கிக்கொண்டே போங்கள். கத்திக்கு நேராக வருவது ஒரு சின்ன நேர்கோடு மட்டும் என்று நினைத்துக்கொண்டால் போதும்.

வெளி மூலையில், துணியின் நுனி தாண்டி ஒரே ஒரு தையல் போட்டு நிறுத்துங்கள். ஊசியையும் பிரஸ்ஸர் ஃபுட்டையும் தூக்கி, தையல் சுற்றியிருக்கும் சிறு விரல் போன்ற பாகத்திலிருந்து நூலைப் பின்னால் மெதுவாக நழுவவிட்டு, துணியைத் திருப்பி அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். அவசரமாக இழுத்தால் அந்த விரல் வளைந்துவிடும்.

பனியன் துணி அலையலையாகிறதா?

திருப்பூரில் ஓவர்லாக் ஓட்டுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தைப்பது போல டி-ஷர்ட்டை இணைத்துவிடுவார்கள். நாம் வீட்டில் தைத்தால் ஓரம் அலையலையாக நிற்கும். துணியை நம் கை இழுப்பதுதான் காரணம். இந்த மெஷினில் துணியை நகர்த்தும் பற்கள் முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி என இருக்கும் வகைகள் உண்டு. இரண்டின் வேகத்தையும் தனித்தனியாக மாற்றும் வசதிதான் டிஃபரன்ஷியல் ஃபீட்.

சாதாரணத் துணிக்கு 1. பனியன் துணிக்கு 1.3-லிருந்து 2-க்குள் வைத்துப் பாருங்கள். முன் பற்கள் அதிகத் துணியை உள்ளே தள்ளும், அலை அடங்கிவிடும். மெல்லிய ஷிஃபான் சுருங்கினால் 1-க்குக் கீழே, 0.7 வரை குறைக்கலாம். இதையே வேறு விதமாகவும் பயன்படுத்தலாம். மெல்லிய ஒற்றைத் துணியில் 2 வைத்து, தையல் நீளத்தை 4 ஆக்கி அடித்தால் குழந்தைகள் ஃபிராக்குக்கான சுருக்கம் தானாக விழும்.

டி-ஷர்ட் தோள்பட்டை, துவைக்கத் துவைக்கத் தொங்கிவிடும். தோள் தையலோடு ஒரு மெல்லிய நாடாவை வைத்துச் சேர்த்து அடித்தால் நீளாது. அந்த நாடாவைக் கத்தி வெட்டாதபடி ஊசிக்கு நேராக வையுங்கள்.

துப்பட்டா ஓரத்துக்கு ரோல் ஹெம்

ஷிஃபான் துப்பட்டா, ஃபிரில், ஸ்டோல் ஓரங்களில் நூல் போல மெல்லியதாகச் சுருண்டு வரும் தையல்தான் ரோல் ஹெம். நாலு நூல் மெஷினில் இடது ஊசியைக் கழற்றிவிட்டு மூன்று நூலில் ஓட்டுங்கள். தையல் நீளத்தை 1-லிருந்து 1.5 மி.மீ. ஆகக் குறையுங்கள். மேல் லூப்பரைத் தளர்த்தி, கீழ் லூப்பரை இறுக்கினால் ஓரம் உள்பக்கமாகச் சுருளும். தையல் சுற்றும் விரல் பாகத்தை விலக்க உங்கள் மெஷினில் என்ன வசதி என்று கையேட்டில் பாருங்கள். பனியன் துணியை லேசாக இழுத்துக்கொண்டே ரோல் ஹெம் அடித்தால், கீரை இலை போல நெளிநெளியாக அழகான ஓரம் கிடைக்கும்.

நுனி பிரியாமல் இருக்க...

ஓவர்லாக்கில் முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டிப்படுத்தும் வசதி கிடையாது. சங்கிலியை ஒட்ட வெட்டிவிட்டால் அங்கிருந்து பிரியத் தொடங்கும். இரண்டு அங்குலம் சங்கிலி விட்டு வெட்டி, பெரிய காது உள்ள ஊசியில் கோத்து, தையலுக்கு அடியிலேயே உள்ளே செலுத்திவிடுங்கள். மேலே இன்னொரு தையல் குறுக்காக வரப்போகிறது என்றால் இது தேவையில்லை. அந்தத் தையலே நுனியைப் பிடித்துக்கொள்ளும்.

பிரிக்க வேண்டுமா? ஒரே நிமிடம்!

ஓவர்லாக் தையலைப் பிரிப்பதென்றால் பலருக்கும் அலுப்பு. லூப்பர் நூலை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தால் அலுப்புதான். ஊசி நூலைக் கண்டுபிடியுங்கள். அது நேர்கோடாக ஓடும். மூன்று, நாலு தையலுக்கு ஓர் இடத்தில் ரிப்பரால் அறுத்து, ஊசி நூலை உருவி எடுங்கள். நாலு நூல் தையல் என்றால் இரண்டு ஊசி நூலையும் எடுக்க வேண்டும். பிடிமானம் போனதும் லூப்பர் நூல்கள் நீளமாக அப்படியே கழன்று வந்துவிடும். துணியில் கீறல் விழாது.

ஓவர்லாக் வேண்டாத இடங்கள்

பிறந்த குழந்தையின் ஜப்லாவில் ஓவர்லாக் ஓரம் உள்பக்கம் இருந்தால் தோலில் உரசும். தையல் வெளியே தெரியும்படி திருப்பித் தைப்பது நம் பாட்டிகள் கண்ட வழி. அதுவே இன்றும் நல்லது. கண்ணாடி போன்ற ஷிஃபான், ஆர்கன்சா துணிகளில் ஓவர்லாக் வெளியே பட்டையாகத் தெரியும். அங்கே முதலில் வெளிப்பக்கம் ஒரு தையல், பிறகு திருப்பி உள்பக்கம் ஒரு தையல் என இரட்டைத் தையல் போட்டால் பிசிறு உள்ளேயே மறைந்துவிடும்.

ஓவர்லாக் மெஷின் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஜிக்ஜாக் வசதி உள்ள மெஷினில் ஊசி துணியின் ஓரத்தைத் தாண்டி விழும்படி ஜிக்ஜாக் ஓட்டினால் வீட்டு உபயோகத் துணிகளுக்குத் தாராளமாகப் போதும்.

வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்

வெளியில் ஓவர்லாக் அடிக்க ஒரு துணிக்கு நீங்கள் கொடுக்கும் தொகையை, மாதத்துக்குத் தைக்கும் துணிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். போகவர ஆகும் செலவையும் சேருங்கள். அதிலிருந்து நூல், மின்சாரம், ஊசிச் செலவைக் கழியுங்கள். மிஞ்சும் தொகையால் மெஷின் விலையை வகுத்தால், எத்தனை மாதத்தில் முதல் திரும்பும் என்று தெரிந்துவிடும். மாதம் நாலைந்து ப்ளவுஸ்தான் என்றால், அவசரப்பட வேண்டாம்; பக்கத்தில் தைக்கும் இரண்டு பேர் சேர்ந்து ஒரு மெஷின் வாங்குவதும் நல்ல யோசனை.

டேபிளும் தனி மோட்டாரும் உள்ள பெரிய மெஷின் நாள் முழுக்க ஓட்டுபவர்களுக்கு ஏற்றது. அதற்கு சர்வோ மோட்டாராகக் கேட்டு வாங்குங்கள். பெடலை மிதித்தால் மட்டும் ஓடும்; சத்தமும் மின்செலவும் குறைவு; வேகத்தையும் குறைத்து வைத்துப் பழகலாம். பழைய மெஷின் வாங்குவதானால் உங்கள் துணி, உங்கள் நூலோடு போய், காட்டனிலும் ஷிஃபானிலும் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். நூலை முழுக்கக் கழற்றிவிட்டு, கண்ணெதிரே மறுபடி கோத்துக் காட்டச் சொல்வதும் முக்கியம். அதே வேலையை அங்கேயே நீங்களும் ஒருமுறை செய்துவிடுங்கள்.

பராமரிப்பும் பாதுகாப்பும்

* வெட்டிய துணியின் தூசு எல்லாம் லூப்பருக்கு அடியில்தான் சேரும். பிளக்கைக் கழற்றிவிட்டு, வேலை முடிந்ததும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். வாயால் ஊதினால் ஈரமும் தூசும் உள்ளே போகும்.

* தையல் மெஷின் ஆயில் மட்டும் ஊற்றுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசுக்காகி மெஷினை இறுக்கிவிடும். ஆயில் விட்டதும் கழிவுத் துணியில் சிறிது நேரம் ஓட்டுங்கள். இல்லையென்றால் பட்டில் கறை விழும்.

* தையல் விட்டு விட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்றிப் பாருங்கள். எந்த வகை ஊசி என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். பழைய ஊசியைக் கடைக்கு எடுத்துச் சென்று அதே வகையில் வாங்குங்கள். மெல்லிய துணிக்கு 11, தடித்த துணிக்கு 14 என்ற அளவு பொருந்தும்.

* துணியின் ஓரம் கடித்தது போல வெட்டுப்பட்டால் கத்தி மழுங்கிவிட்டது என்று அர்த்தம். மாற்றிவிடுங்கள்.

* மூடியைத் திறந்து வைத்து ஓட்டாதீர்கள். துப்பட்டா, முந்தானை, பின்னல் எல்லாவற்றையும் பின்னால் செருகிக்கொள்ளுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில், எழுந்து போகும்போதெல்லாம் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

ஒரு வாரப் பயிற்சி

முதல் இரண்டு நாள் துணியே வேண்டாம். நூலை முழுக்கக் கழற்றி, நாளுக்கு மூன்று முறை கோத்துப் பழகுங்கள். மூன்றாம் நாள் கலர் நூல் போட்டு டென்ஷன் பாருங்கள். நாலாம் நாள் பழைய பெட்ஷீட்டில் அங்குல இடைவெளியில் கோடு போட்டு, கத்தி அந்தக் கோட்டிலேயே வெட்டும்படி அடியுங்கள். ஐந்தாம் நாள் வளைவு, ஆறாம் நாள் மூலை. ஏழாம் நாள் பழைய நைட்டி ஒன்றைப் பிரித்து, முழுதாக ஓவர்லாக் அடித்துத் தையுங்கள். கோட்டை விட்டு விலகாமல் கத்தி போகத் தொடங்கிய பிறகு, வாடிக்கையாளரின் பட்டுத் துணியைக் கையில் எடுங்கள்.